துண்டு விழுந்த வருஷம்

இருபத்தைந்து வருஷம் வாடகை கொடுக்காமலே வாழ்ந்துவிட்ட குடும்பம் அது. மாஸ்டர் ரொட்டிக்கடையில் அடுப்புக்காரர். கடையின் பின்பக்கம், அடுப்புச் சுவரை ஒட்டி இரண்டு அறையும் ஒரு நடையுமாக ஒரு வீடு இருந்தது. முதலாளி அதைச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்திருந்தார். விளக்கு கடைக் கணக்கில் எரிந்தது. தண்ணீர் கடைத் தொட்டியிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் ஈரத்துணியை அந்தச் சுவரோரம் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். காலையில் ஓரம் உடைந்த ரொட்டி, கோணிக்கொண்ட ரொட்டி, வாடிக்கைக்காரர் முகம் சுளிக்கிற ரொட்டி எல்லாம் வீட்டுக்கு வரும். ருசியில் கோணல் கிடையாது என்பார் மாஸ்டர்.

அவர் மனைவி சட்டை தைக்கிற பட்டறையில் அரைநாள் வேலைக்குப் போய்வந்தாள். பட்டன் மிஷின் அவளுடையது. அதனால் பட்டறையில் எல்லோருக்கும் பட்டனக்கா. தெருவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மாஸ்டரின் அக்காள் கடையின் முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து சேர்ந்தவள். மாஸ்டரின் மகள் அவளை அத்தை என்று கூப்பிட, ரொட்டி வாங்க வருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில், பார்க்கிற முக்கால்வாசிப் பேருக்கு அவள் அத்தை. வாரா வாரம் தன் சம்பளத்தில் பாதியைப் பட்டனக்காவின் கையில் வைத்துவிடுவாள். "சோத்துக்கு" என்பாள். பட்டனக்கா வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லுவாள். அத்தை வைத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு தடவைக்கு மேல் இருவருமே அதை வளர்த்ததில்லை.

முதலாளி இறந்ததும் பிள்ளைகள் இடத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் கடையை இடித்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த பெரிய ரொட்டி ஆலையில் மாஸ்டரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வாரம் நாலாயிரம், சனிக்கிழமை தோறும் கவரில். அத்தையை யாரும் கூப்பிடவில்லை. ஆலையில் கல்லாவே கிடையாது. ரொட்டியை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள்.

புது வீடு மூன்றாவது மாடியில். கீழே சைக்கிள் பழுதுபார்க்கிற கடை. சமையலறைக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். படி ஏறி வந்தால் முதல் ஐந்து நிமிஷம் யாரும் யாரோடும் பேச முடியாது. வாடகை மாதம் ஏழாயிரம். ஒன்றாம் தேதி காலையில் வீட்டுக்காரர் மேலே ஏறி வரமாட்டார். கீழே நின்று ஒரு தடவை இருமுவார். அது போதும்.

முதல் மாதம் மூன்றாம் வாரத்திலேயே கை காய்ந்தது. அடுத்த மாதம் மின்சாரச் சீட்டு வந்தது. பட்டனக்கா அதற்கு முன் அப்படி ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. முன்பக்கம் படித்தாள், பின்பக்கம் படித்தாள், எதிர்வீட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் காட்டி, இது நமக்குத்தானா என்று கேட்டாள். மூன்றாம் மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பணம் கேட்டார்கள். அன்றைக்குப் பட்டனக்கா தன் காதில் கிடந்ததைக் கழற்றி மேஜைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள். இப்படி மாதா மாதம் தட்டுத்தடுமாறிப் போனால் ஒருநாள் இது காதில் திரும்ப ஏறாது என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், ஒரு வருஷத்துக்கும் கணக்குப் போட்டுவிடலாம் என்று எல்லோரையும் உட்கார வைத்தாள். மாதக் கணக்கு போதாது, மாதக் கணக்கில் தலைகாட்டாமல் வருஷத்துக்கு ஒரே தடவை வந்து கழுத்தைப் பிடிக்கிறதெல்லாம் வெளியே நிற்கிறது என்றாள். அத்தை கடையிலிருந்து எடுத்து வந்திருந்த ஆர்டர் புத்தகத்தில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதை விரித்தார்கள். பட்டனக்கா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். பதினாறு வயது; எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

முதலில் வரவு. அது இரண்டே வரி. மாஸ்டருக்கு வாரம் நாலாயிரம், மாதத்துக்கு நாலு வாரம், பதினாறாயிரம். பட்டன் மிஷினில் மாதம் ஐயாயிரம். பிறகு செலவு. வாடகையை எழுதும்போது மகள் பேனாவை அழுத்திப் பிடித்தாள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, மாஸ்டருக்கும் மகளுக்கும் பஸ், பள்ளிக்கூடம், அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை, துணிமணி, கல்யாணம் காட்சிக்குக் கொடுக்க வேண்டியது, யாராவது படுத்துக்கொண்டால் டாக்டருக்கு. சாப்பாட்டுக்கு வந்தபோது அரைமணி நேரம் ஆனது. அரிசியைச் சில்லறையாக வாங்காமல் மூட்டையாக வாங்கிவிடலாம் என்றாள் அத்தை. முட்டை வாரத்துக்கு மூன்று நாள். டீ இரண்டு வேளை. மூன்றாவது வேளை டீ குடித்துத்தான் ஆகவேண்டும் என்கிறவர்கள் வெந்நீரைக் குடித்துவிட்டு டீ குடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியது. மாஸ்டர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பதாகச் சொன்னார். பேச்சில் அவர் எப்போதுமே சிக்கனம். அன்று அவர் சொன்னது அது ஒன்றுதான். மகள் தன் பங்குக்குத் தலைக்கு வாங்குகிற ஷாம்புவை நிறுத்தலாம் என்றாள். தலையை மட்டும் நிறுத்திவிடாதே, கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டேதான் மகள் போனில் கூட்டிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை கூட்டினாள். வரவு இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். செலவு இரண்டு லட்சத்து அறுபத்தேழாயிரம்.

இழுத்துப் பிடித்து, டீயைக் குறைத்து, நடந்து, மூட்டை வாங்கி, எல்லாம் செய்த பிறகும் பதினைந்தாயிரம் துண்டு விழுந்தது. பட்டனக்கா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கீழே இறங்கினாள். எதிலும் விரல் நிற்கவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை பேனாவை மகளின் கையிலிருந்து வாங்கினாள். சாப்பாடு என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், தொண்ணூறாயிரத்தை நாலால் வகுத்தாள். இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. அதன் கீழே மாத்திரைக்கு ஆறாயிரம் என்று போட்டு, இரண்டையும் கூட்டி, கோடு கிழித்தாள்.

"நான் இல்லன்னா நேராயிடும்," என்றாள். ரொட்டி விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

மகள் என்ன அத்தை இது என்றாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார். பட்டனக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த ஒரு நொடியில் அவளுக்குள் வேறொன்று நடந்துவிட்டது. மூன்று மாதமாக நெஞ்சில் இறுகிக் கிடந்த முடிச்சு பட்டென்று தளர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா எதற்காக வந்தது என்று புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. சொல்ல எடுத்த வார்த்தை அதற்குள் ஆறிப்போயிருந்தது. "அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி" என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தாள். அத்தை அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

பத்து நாளில் மருந்துக்கடைக்காரர் மூலமாக ஒரு இடம் வந்தது. மூன்று மணி நேரப் பயணத்தில் வேறு ஊர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சாப்பாடு, இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம். அத்தை உடனே சரி என்றாள். போகத்தான் வேண்டுமா என்று மாஸ்டர் கேட்டார். போய்ப் பார்க்கிறேன், பிடிக்கவில்லை என்றால் வந்துவிடுகிறேன் என்றாள். வரமாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் ஒருவருக்கொருவர் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டார்கள். அத்தை எல்லோருடைய துணிக்கும் அறுந்த இடத்தில் தையல் போட்டாள். அரிசி மூட்டை எந்தக் கடையில் என்ன விலை என்று விசாரித்து எழுதி வைத்தாள். தன் தட்டில் சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொண்டாள். பட்டனக்கா இன்னொரு கரண்டி வைக்கப் போனால், கை குறுக்கே வந்தது. பட்டறையில் பட்டனக்கா இரண்டு தடவை ஊசியைத் தன் விரலிலேயே இறக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு பஸ். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவதாக ஏற்பாடு. மாஸ்டர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்காளின் முன்னால் வந்து நின்றார், பையைத் தோளில் மாற்றி மாட்டினார், போய்விட்டார். பட்டனக்காவும் கிளம்பினாள். பன்னிரண்டு மணிக்குப் பட்டறை முடிந்ததும் நேரே வந்துவிடுகிறேன் என்றாள்.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டி கட்டி வைத்திருக்கிற வீட்டுக்குள் நுழைய அவளுக்குக் கால் வரவில்லை. வெகுநாளாகத் தள்ளிப்போட்ட வேலை ஒன்று இருந்தது. வாடகை ஒன்றாம் தேதி மொத்தமாகக் கொடுக்க வேண்டும். சம்பளம் வாரா வாரம் சில்லறையாக வந்தது. மாதத்துக்கு ஒரே தடவையாகத் தரமுடியுமா என்று ஆலையில் கேட்க வேண்டும். மாஸ்டர் கேட்கமாட்டார். அவர் ஆபீஸ் பக்கம் போனால் தன் கால்சட்டையில் இருக்கும் மாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கே கேட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு அவள் எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறினாள்.

ஆலையின் சம்பள ஜன்னலுக்குப் பின்னால் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமையாதலால் மேஜை முழுக்கக் கவர்கள் அடுக்கியிருந்தன. பட்டனக்கா விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் மாஸ்டரின் பெயரைப் பதிவேட்டில் தேடினாள். மாதச் சம்பளமாக மாற்றுவதில் ஒன்றும் கஷ்டமில்லை, இவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். கணக்குப் பொறியில் ஏதோ தட்டி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

பதினேழாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று.

பட்டனக்கா அதை வாசித்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் மற்றவர்கள் பணம் என்று திருப்பி நீட்டினாள்.

"இது வேற யாரோடதோ போல இருக்கும்மா. எங்க வீட்டுக்காரருக்கு வாரம் நாலாயிரம்தான்."

"அவரோடதுதான் அக்கா."

"நாலு வாரம்னா பதினாறுதானே வரும்? நீங்க ஆயிரத்து முந்நூறு கூடப் போட்டிருக்கீங்க. அப்புறம் அவருகிட்ட பிடிச்சிடப் போறீங்க."

அந்தப் பெண் கவர் அடுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கேலி எதுவும் இல்லை.

"அக்கா, வருஷத்துக்கு எத்தனை வாரம்?"

"நாப்பத்தெட்டு."

"எப்படி?"

"பன்னண்டு மாசம், மாசத்துக்கு நாலு..."

பட்டனக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் சுவரிலிருந்த நாட்காட்டியை ஆணியோடு கழற்றாத குறையாக எடுத்துக்கொண்டு வந்தாள். பென்சில் முனையால் சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். சில மாதத்தில் நாலு, சில மாதத்தில் ஐந்து. மொத்தம் ஐம்பத்திரண்டு. நான் வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு ஐம்பத்திரண்டு கவர் ஒட்டுகிறேன் அக்கா, எனக்குத் தெரியாதா என்றாள். விடுமுறை வாரத்துக்கும் உண்டா என்று பட்டனக்கா கேட்டாள். உண்டு. மழையில் லாரி போகாமல் நின்றால்? அதற்கும் உண்டு. பன்னிரண்டால் வகுத்தால் இந்தத் தொகைதான் வரும்.

எண்ணாமல் விட்டது நாலு வாரம். பதினாறாயிரம். ரொட்டிக்கடையில் இருந்த வருஷமெல்லாம் அந்த ஐந்தாம் வாரக் கவர் வந்துகொண்டுதான் இருந்தது. வாடகையில்லாத வீட்டில் அது எதிலோ கரைந்துபோனது. ஒரு ஜோடி செருப்பு, ஒரு விருந்தாளி, ஒரு பல்வலி. யாரும் அதை எண்ணியதில்லை. எண்ண வேண்டி வந்தபோது மாதத்துக்கு நாலு வாரம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

துண்டு பதினைந்தாயிரம். இருப்பது பதினாறாயிரம். மிச்சம் ஆயிரம்.

ஜன்னலுக்கு மேலே கடிகாரம் ஒன்றேகால் காட்டியது. மகளின் போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அந்தப் பெண் பின்னாலிருந்து, அக்கா, கையெழுத்துப் படிவத்தை வாங்கிட்டுப் போங்க என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திங்கட்கிழமை வர்றேம்மா என்றாள். அதற்குள் வாசலுக்கு வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே கைகாட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். எவ்வளவு என்று கேட்காமலே ஏறினாள்.

பஸ் நிலையத்தில் மகள் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மா, எங்கே போயிட்டே என்று ஆரம்பித்தவளிடம் பதில் சொல்லாமல், எந்த பஸ் என்று மட்டும் பட்டனக்கா கேட்டாள். மகள் காட்டினாள். ஓட்டுநர் இன்னும் ஏறவில்லை. நடத்துநர் கீழே நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அத்தை நாலாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. பட்டனக்கா மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்ததும் பையைத் தடவிப் பார்த்தாள்.

"எதையாவது மறந்துட்டேனா?"

"இறங்குங்க அண்ணி. கணக்கு தப்பு. துண்டு விழல."

பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாதி சொல்வதற்குள்ளேயே அத்தையின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள்மேல் ஓட ஆரம்பித்தது. உதடு அசைந்தது. கடைசியில் விரல் நின்றது.

"ஆமா. அம்பத்திரண்டு. இருபத்தஞ்சு வருஷம் கல்லால உக்காந்தவ, எனக்கே உறைக்கலயே."

"எனக்கும்தான். வாங்க, இறங்கலாம்."

அத்தை எழுந்திருக்கவில்லை. பையின் காதைச் சுருட்டினாள், விரித்தாள்.

"கணக்கு நேராச்சு. சந்தோஷம். ஆனா நான் போனா இன்னும் நல்லா நேராகும். வருஷத்துக்கு இருபத்தெட்டாயிரத்துக்கு மேல கையில நிக்கும். பொண்ணு மேல படிக்கணுமில்ல?"

"அதை அப்போ பாத்துக்கலாம்."

"ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லு. இந்த நாலு வாரம் கெடைக்கலன்னா என்னை இறக்க வந்திருப்பியா?"

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் பேச்சைக் கேட்காத மாதிரி கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அத்தை அதை நம்பவும் செய்வாள், நம்பின மாதிரி இருக்கவாவது செய்வாள். பட்டனக்கா தன் குத்துப்பட்ட விரலைப் பார்த்துக்கொண்டாள்.

"வந்திருக்க மாட்டேன்," என்றாள்.

அத்தை பையை மடியில் நேராக்கி வைத்தாள்.

"நீங்க அன்னிக்குப் போறேன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு முதல்ல வந்தது நிம்மதிதான் அண்ணி. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்தான் மத்ததெல்லாம். இதைச் சொல்லாம உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, தெனமும் உங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எனக்குத் தெரியும். உன் முகத்துலயே இருந்துச்சு."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலயே."

"என்னத்தக் கேக்கறது? சம்பாதிச்சிட்டிருந்தவ சும்மா உக்காந்து சாப்பிட்டா எனக்கே சோறு எறங்கல. உனக்கு எறங்கியிருக்குமா? உன் எடத்துல நான் இருந்தாலும் அப்பாடான்னுதான் இருந்திருக்கும். வெளிய சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

ஓட்டுநர் ஏறித் தன் பக்கத்துக் கதவைச் சாத்தினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. பட்டனக்கா அத்தையின் மடியிலிருந்த பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காசு இல்லாம விட்டேன். இன்னிக்குக் காசு இருக்கு. இன்னிக்கும் உங்களை விட்டா, அது காசு செஞ்ச வேலையில்ல, நான் செஞ்சது. அதைத் தூக்கிச் சுமக்க என்னால ஆகாது. உங்களுக்காகக் கூப்பிடல, எனக்காக இறங்குங்க."

"உனக்காகவா?"

"ஆமா."

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தூணில் சாய்ந்திருந்த மகள் இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை மூக்கை உறிஞ்சினாள். பிறகு தன் இடுப்பில் செருகியிருந்த பயணச்சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"டிக்கெட்டு காசு போயிடுமே," என்றாள்.

நடத்துநர் கிழித்த சீட்டைத் திருப்பி வாங்க முடியாது என்றார். சட்டம் அப்படி என்றார். சட்டத்தை நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வண்டி இன்னும் நகரவில்லையே என்றாள் அத்தை. கதவருகே வந்து வெளியே எட்டிப் பார்த்தாள். நிலையத்தில் கைப்பெட்டியோடு ஒரு ஆள் ஓடி வந்துகொண்டிருந்தார். எங்கே போகணும் தம்பி என்று கேட்டாள். அவர் சொன்ன ஊர் சரியாக அதே வழியில் இருந்தது. ஜன்னலோரம், நாலாவது வரிசை, இதே விலை என்றாள். அவர் சில்லறையைத் தேடி எடுக்கிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். நடத்துநர் தலையில் அடித்துக்கொண்டு விசில் அடித்தார். கடைசிக் காசையும் எண்ணி வாங்கிய பிறகுதான் அத்தை இறங்கினாள். மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பெட்டியை பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து இறக்க ஆளில்லாமல், நகர ஆரம்பித்த வண்டியைப் பட்டனக்கா தட்டித் தட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

அங்கிருந்தே மருந்துக்கடைக்காரருக்குப் பேசினார்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்துதான் பேசினாள் அத்தை. அவரோ, அந்த வேலைக்கு வேறொரு அம்மாள் நான்கு நாளாகத் தன் கடை வாசலில் வந்து நிற்கிறாள், நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், இப்போதே சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றார். போனை வைத்ததும் அத்தை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் ஒரே டீயை வாங்கி மூன்றாகப் பகிர்ந்து குடித்தார்கள். வீட்டுக்கு நடந்தே போனார்கள். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் முறைவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று வழியில் அத்தை கேட்டாள். பட்டனக்கா தொகையைச் சொன்னாள். அத்தை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள், பிறகு தூக்கிக்கொண்டாள்.

மாடியேறியதும் ஆர்டர் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். ஐம்பத்திரண்டால் பெருக்கும்போது மகள் மூன்று தடவை சரிபார்த்தாள். அன்றைக்கும் நீதானே பெருக்கினாய், பத்தாவதில் கணக்கில் எவ்வளவு வாங்கினாய் என்று அத்தை கேட்டாள். பெருக்கினது சரி, சொன்னவர்கள் தப்பு என்றாள் மகள். வரவில் மூன்றாவது வரி ஒன்று போடச் சொன்னாள் அத்தை. கடைத்தெருவில் கல்லா வைத்திருக்கிற ஒவ்வொரு கடையிலும் திங்கட்கிழமை முதல் ஏறி இறங்கப் போவதாகவும், அரைநாள் வேலை கிடைத்தாலும் பாதியை இதில் எழுதுவதாகவும், கிடைக்கிற வரைக்கும் அந்த வரி காலியாக இருக்கட்டும் என்றும் சொன்னாள். கிடைக்காவிட்டால் என்று அவள் முடிப்பதற்குள் பட்டனக்கா குறுக்கிட்டு, கிடைக்காவிட்டால் காலியாகவே இருக்கட்டும் அண்ணி என்றாள். அன்று சோறு வைக்கும்போது கரண்டியின் குறுக்கே கை வரவில்லை.

மாஸ்டர் அந்தி சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். படியில் அவர் காலடி வழக்கத்தைவிட மெதுவாக ஏறியது. கடைசிப் படிக்கு வந்து நின்றுவிட்டது. உள்ளே அத்தை மகளிடம், தரையில் எறும்பு வருகிறது, தட்டைக் கழுவி வை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே சத்தமே இல்லை. பட்டனக்கா போய்க் கதவைத் திறந்தாள். மாஸ்டர் தோளில் பையோடு அப்படியே நின்றிருந்தார். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"பஸ்ஸ விட்டுட்டேன்டா," என்றாள் அத்தை உள்ளிருந்து.

அடுத்த பஸ் எப்போது என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டனக்கா அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டே நாட்காட்டி, கவர், ஆயிரத்து முந்நூறு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் பார்வை அக்காளின் பெட்டியை விட்டு நகரவில்லை. அது பழைய மூலைக்கே போய்விட்டிருந்தது. இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகு வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஒரு தட்டு கருகிப் போச்சுக்கா."

அத்தை திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் அவர் அடுப்பிலிருந்து வந்த ரொட்டியை விற்றவள் அவள். அதில் ஒன்றுகூடக் கருகியதில்லை என்று அவளுக்குத்தான் தெரியும்.

"எத்தனை?"

"நாப்பது."

"சம்பளத்துல பிடிப்பாங்களா?"

"இல்ல. மேற்பார்வைக்காரர் வந்து பார்த்தாரு. உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

பட்டனக்காவின் மனசு தன்னையறியாமல் நாற்பது ரொட்டியை ஆயிரத்திலிருந்து கழிக்கக் கிளம்பி, வேண்டாமென்று பாதியிலேயே நின்றது. அத்தை தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் புருவத்து மாவைத் துடைத்தாள்.

"நாப்பதா," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. மாஸ்டரும் சோற்றுக் கையோடு சிரித்தார்.